சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும்: பாலியல் வன்முறையும் பால்புதுமையர் மனநலமும்

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) பெண்களிடம் வன்முறை பற்றிக் கேட்டது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம்.

இப்போது அந்த இடத்தில் பெண்ணை நேசிக்கும் ஒரு பெண்ணையோ, ஆணை நேசிக்கும் ஓர் ஆணையோ, ஒரு திருநம்பியையோ (பெண்ணாக வளர்க்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்பவர்) வைத்துப் பாருங்கள். "எனக்கு இப்படி நடந்துவிட்டது" என்று ஆரம்பித்த உடனே அடுத்த கேள்வி வரும். அங்கே ஏன் போனாய்? அவன் யார்? உனக்கும் அவனுக்கும் என்ன பழக்கம்? உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த இன்னொன்றும் கூடவே வெளியே வந்து விழும். ஆக, சொன்னால் இரண்டையும் சொல்ல வேண்டும், மறைத்தால் இரண்டையும் மறைக்க வேண்டும். தெற்காசியாவில் பாலியல் சிறுபான்மையினரின் மனநலம் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான், இந்தக் கட்டுரையும் அதைச் சுற்றித்தான் போகும்.

சொற்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒருவர் யார்மீது ஈர்ப்பு கொள்கிறார் என்பது ஒன்று. அவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டிலும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது வேறு. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்பவை முதல் வகை. திருநங்கை, திருநம்பி என்பவை இரண்டாவது வகை, இவர்களைச் சேர்த்துத் திருநர் என்பார்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் 'பால்புதுமையர்' என்ற சொல் தமிழில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கென்று ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. 'பாலியல் சிறுபான்மையினர்' என்பது கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கும் சொல், ஆனால் ஆய்வுகளில் அதுதான் வரும். இது தவிர ஹிஜ்ரா, கோத்தி (பெண்தன்மையோடு இருந்து ஆண்களை நேசிப்பவர்), பாகிஸ்தானில் குவாஜா சிரா, நேபாளத்தில் மேட்டி, இலங்கையில் நாச்சி என்று இந்தப் பகுதிக்கே உரிய பழைய பெயர்களும் உண்டு. அவை மேற்கத்தியப் பெட்டிகளுக்குள் அப்படியே போய் உட்காராது, உட்கார வைக்கவும் வேண்டாம்.

பாலியல் வன்முறை என்றதும் நம் மனதுக்கு வருவது வன்புணர்வு மட்டும். ஆனால் சம்மதம் இல்லாமல் தொடுவது, ஆடையைக் களையச் சொல்வது, அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது, "நீ ஆணா பெண்ணா, காட்டு பார்க்கலாம்" என்று பேருந்திலும் ரயிலிலும் சீண்டுவது, காவல் நிலையத்தில் நிர்வாணமாக்குவது எல்லாமே அதில் சேரும். கடைசி இரண்டும் திருநர் சமூகத்தில் பலருக்கு எப்போதோ ஒருநாள் நடந்த சம்பவமாகக்கூட இருக்காது, தினசரி வாழ்க்கையாக இருக்கும்.

சரி, இனி இந்தக் கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் தெரியவந்த விஷயம். 2008இல் மைக்கேல் கிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுக்குமான வாய்ப்பு குறைந்தது ஒன்றரை மடங்கும், தற்கொலை முயற்சி இரண்டு மடங்கும் கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் நடந்தவை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்று கேட்டால் பழைய பதில் சுலபமானது: இந்த ஈர்ப்பே ஒரு நோய், அதனால்தான். அந்தப் பதில் செத்துப் பல வருடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோய் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அப்படியானால் கூடுதல் மனச்சோர்வு எங்கிருந்து வருகிறது?

இதற்குக் கிடைத்த நல்ல பதிலுக்குப் பெயர் 'சிறுபான்மையர் அழுத்தம்'. 1981இலேயே வர்ஜீனியா புரூக்ஸ், பெண்களை நேசிக்கும் பெண்களை வைத்து இதைப் பற்றி எழுதினார். பின்னர் இலன் மேயர், நியூயார்க்கில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களை ஆய்ந்து 1995இலும், விரிவாக்கி 2003இலும் எழுதியதுதான் இன்று எல்லோரும் எடுத்தாளும் வடிவம். அவர் சொன்னதன் சாரம்: எல்லோருக்கும் வாழ்க்கையில் அழுத்தம் உண்டு, வேலை போகும், காதல் முறியும், கடன் கழுத்தை நெரிக்கும். அதற்கு மேல், சமூகம் ஒதுக்கும் பிரிவில் பிறந்தவருக்கு அந்த ஒதுக்கலே தனியாக ஒரு சுமையை ஏற்றுகிறது. அந்தச் சுமை ஒருநாள் வந்து போவதில்லை, நாள்தோறும் கூடவே இருக்கிறது.

அந்தச் சுமையில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவது: அடி, வசை, வேலை மறுப்பு, வீடு மறுப்பு, பாலியல் வன்முறை. இன்னொரு பகுதி உள்ளே நடப்பது, யாருக்கும் தெரியாது. வீட்டுக் கூடத்தில் உறவினர்களோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறார் ஒருவர், படத்தில் திருநங்கையைக் கேலி செய்யும் காமெடி வருகிறது, சித்தப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். தான் சிரிக்காவிட்டால் யாராவது கவனிப்பார்களோ என்று அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் மூன்று விஷயம் நடந்துவிட்டது. எங்கிருந்து எப்போது அடி வரும் என்ற எச்சரிக்கை ஒன்று. தன்னை மறைத்துக்கொள்ளும் உழைப்பு இன்னொன்று. மூன்றாவது இருப்பதிலேயே மோசம்: பல வருடம் இப்படிச் சிரித்துச் சிரித்து, தானும் கேலிக்குரிய பிறவிதானோ என்று உள்ளுக்குள் நம்பத் தொடங்குவது. மேயர் இந்த மூன்றையும் உள் அழுத்தங்கள் என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார். வெளியே ஒரு அடியும் விழாத நாளில்கூட இவை வேலை செய்துகொண்டே இருக்கும்.

இந்த மனநிலையில் இருப்பவருக்குப் பாலியல் வன்முறை நடக்கும்போது அந்த அடி வெறும் தரையில் விழுவதில்லை. "உலகம் ஆபத்தானது" என்று ஏற்கனவே நினைத்திருந்தவருக்கு அது நிரூபணம் ஆகிவிடுகிறது. "நான் தப்பானவன்" என்று பாதி நம்பியவருக்கு மீதிப் பாதியும் நம்பிக்கையாகிவிடுகிறது. "நான் இப்படி இருப்பதால்தான் எனக்கு இது நடந்தது, எனக்கு வேண்டியதுதான்" என்ற வாக்கியத்தை மனநல ஆலோசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காயம் ஒன்று, அதற்கு அவர் கொடுக்கும் விளக்கம் இன்னொன்று. பல நேரங்களில் விளக்கம்தான் காயத்தைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

தெற்காசியாவில் இந்த வன்முறை யாரால் நடக்கிறது என்று பார்த்தால் இருட்டுச் சந்தில் நிற்கும் அந்நியனை விட்டுவிட்டு வீட்டுக்குள் வர வேண்டும். 2023 ஏப்ரலில், இந்திய உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவரின் திருமண உரிமை வழக்கை விசாரிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பெற்ற குடும்பத்தின் வன்முறை பற்றி மூடிய கதவுக்குள் ஒரு மக்கள் விசாரணை நடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகமும், பெண்களை நேசிக்கும் பெண்கள், திருநர் ஆகியோரின் தேசிய வலைப்பின்னலும் சேர்ந்து நடத்தியது அது. 31 பேர் பேசினார்கள். வீட்டுக் காவல், அடி, பூசாரி, டாக்டர், கட்டாயத் திருமணம் என்று போகிறது அந்தச் சாட்சியங்கள்.

கட்டாயத் திருமணத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இதை யாரும் பாலியல் வன்முறைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆணிடம் ஈர்ப்பே இல்லாத ஒரு பெண்ணைப் பெற்றோர் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்." அதன் பிறகு ஒவ்வோர் இரவும் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு நம் மொழியில் 'குடும்பம் நடத்துவது' என்று பெயர். மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால் கணவன் செய்வது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு இந்தியச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைத் தொடவில்லை. ஆக, அவளிடம் புகாரும் இல்லை, சொல்லும் இல்லை, பல சமயம் அது வன்முறை என்ற நினைப்புகூட இல்லை. உடம்பு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும்: தூக்கமின்மை, காரணமில்லாத வயிற்றுவலி, தொட்டாலே மரத்துப்போவது. 'திருத்துவதற்காக' உறவுக்கார ஆணே வன்புணர்வு செய்யும் கொடுமையும் உண்டு. அது நடக்கிறது என்பதையே பல குடும்பங்கள் புதைத்துவிடுகின்றன.

ஆண்களுக்கு வருவது வேறு வடிவம். டேட்டிங் செயலியில் ஒருவர் பேசுகிறார், சந்திக்கப் போனால் அங்கே நான்கு பேர் நிற்கிறார்கள். அடி, வன்புணர்வு, செல்போனில் வீடியோ, அப்புறம் பணம். "வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு வார்த்தை போதும். இந்தக் கும்பல்களின் தொழிலே நான் ஆரம்பத்தில் சொன்ன இரட்டை ரகசியத்தின் மேல்தான் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் போலீஸுக்குப் போக மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

போலீஸ் என்றதும் இன்னொரு சங்கதி. திருநங்கைகளும் கோத்திகளும் காவல்துறையினரிடமே பாலியல் வன்முறைக்கு ஆளாவதைப் பெங்களூருவில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகப் பிரிவு 2003இலேயே அறிக்கையாகப் பதிவு செய்தது. சென்னையில் 2006இல் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஒரு திருநங்கை, காவல் நிலையத்தில் தொடர்ந்து பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகித் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய சகோதரி நீதிமன்றத்துக்குப் போனார், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. இலங்கையில் தன்பாலீர்ப்பை நிரூபிக்கிறோம் என்று கைதானவர்களின் ஆசனவாயிலும் பிறப்புறுப்பிலும் கட்டாயப் பரிசோதனை செய்ததை 2020இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளிக்கொண்டுவந்தது. 2017க்குப் பிறகு மட்டும் குறைந்தது 7 பேர். அந்தப் பரிசோதனை எதையும் நிரூபிக்காது என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்த விஷயம். அதுவே ஒரு பாலியல் வன்முறை, செய்தவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இனி உடம்பைப் பற்றி ஒரு விஷயம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், பாதிக்கப்பட்டவர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபத்து வந்தால் மனிதர் ஓடுவார் அல்லது சண்டை போடுவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு, உறைந்துபோவது. கை கால் அசையாது, குரல் வராது, இது நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பிறகு அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டபோது, 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொன்னார்கள், 48 சதவீதம் பேருக்கு அது மிகத் தீவிரமாக இருந்தது. 2017இல் வெளிவந்த ஆய்வு அது. அப்படி உறைந்துபோனவர்களுக்குப் பிறகு மனச்சோர்வும் மனக்காயக் கோளாறும் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. "நீ ஏன் கத்தவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதைவிடப் பேசப்படாத ஒன்றும் உண்டு. வன்புணர்வின்போது சிலருக்கு உடல் பாலியல் ரீதியாக எதிர்வினை காட்டும். ஆண்களுக்கு விறைப்பு வரலாம், விந்துகூட வெளிப்படலாம். தும்மலைப் போல, புல்லரிப்பதைப் போல அது உடம்பின் அனிச்சைச் செயல். அதற்கும் சம்மதத்துக்கும் விருப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆணை நேசிக்கும் ஒரு ஆணுக்கு இது நடந்தால் அவருடைய தலைக்குள் என்ன ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். "உடம்பு ஒத்துழைத்ததே, அப்படியானால் எனக்குப் பிடித்திருந்ததா, அப்படியானால் இது வன்முறையே இல்லையா?" தாக்கியவனும் பல நேரம் இதையே சொல்லிக் காட்டுவான். வருடக் கணக்கில் ஒருவர் வாயை அடைக்க இந்த ஒரு சந்தேகம் போதும்.

பக்கத்திலேயே ஒரு கட்டுக்கதையும் இருக்கிறது: சின்ன வயதில் யாரோ தப்பாக நடந்துகொண்டதால்தான் இவன் இப்படி ஆகிவிட்டான் என்பது. பாலியல் வன்முறை ஈர்ப்பை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிறுவயதில் வன்முறைக்கு ஆளான எத்தனையோ பேர் எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களாகவே வளர்கிறார்கள், ஒரு வன்முறையையும் சந்திக்காத எத்தனையோ பேர் தன்பாலீர்ப்பு உள்ளவர்களாக இருக்கிறார்கள். நடை உடை பாவனையில் மற்ற பையன்களைப் போல இல்லாத ஒரு பையனைத் தாக்குபவன் எளிதாகக் குறிவைக்கிறான் என்பதுதான் நடைமுறையில் காண்பது. அவனுக்கு நண்பர்கள் குறைவு, வீட்டில் சொன்னாலும் அவன்மேல்தான் கோபம் திரும்பும் என்று தாக்குபவன் கணக்குப் போட்டுவிடுகிறான். காரணத்தையும் விளைவையும் நாம் தலைகீழாக மாட்டிவைத்திருக்கிறோம்.

இதெல்லாம் எத்தனை பேருக்கு நடக்கிறது? அமெரிக்காவில் 2010இல் எடுத்த தேசிய ஆய்வில் ஈர்ப்பையும் கேட்டார்கள். வாழ்நாளில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் எதிர்பாலீர்ப்புள்ள பெண்களில் 17 சதவீதம், பெண்களை மட்டும் நேசிக்கும் பெண்களில் 13 சதவீதம், இருபாலீர்ப்புள்ள பெண்களில் 46 சதவீதம். இருபாலீர்ப்பு உள்ளவர்களை இரண்டு பக்கமும் நம்பாமல் தள்ளிவைப்பது தெரிந்ததுதான், ஆனால் அந்த எண் அதிர்ச்சியானது. யாரும் எதிர்பார்க்காத ஒன்று, கேட்டதால்தான் தெரியவந்தது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வு ஈர்ப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை, வன்முறைக் கேள்விகளை ஆண்களிடம் கேட்பதும் இல்லை.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் இங்கே சட்டமே மனநலப் பிரச்சினையின் ஒரு பகுதி. 'இயற்கைக்கு மாறான உறவு' என்று சொல்லித் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, ஆங்கிலேயர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றுக்கும் பாட்டன் சொத்து மாதிரி வந்து சேர்ந்தது. இலங்கையில் அதே சரக்கு 365, 365அ என்ற எண்களில் இருக்கிறது. 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கினார்கள், திருத்தம் என்றால் என்னவோ என்று நினைக்கத் தோன்றும். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 2022இல் இலங்கையிடம் சொன்னது.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், சம்மதத்தோடு நடக்கும் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. சம்மதமில்லாத உறவுக்கு 377 அப்படியே இருந்தது. அதாவது, வயதுவந்த ஓர் ஆணை இன்னோர் ஆண் வன்புணர்வு செய்தால் வழக்குப் போட இருந்த ஒரே வலுவான பிரிவு அதுதான், வினோதமான நிலைமை. பிறகு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். சம்மதமில்லாத செயலுக்காவது அதை வைத்திருங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் நடக்கவில்லை. இப்போதைய வன்புணர்வுப் பிரிவின்படி குற்றம் செய்பவர் ஆண், பாதிக்கப்படுபவர் பெண், தண்டனை குறைந்தது 10 வருடம். ஆண் பாதிக்கப்பட்டால் காயப்படுத்துதல், அடைத்துவைத்தல் என்று வேறு பிரிவுகளைத் தேட வேண்டும். திருநர்களுக்கென்று 2019இல் வந்த சட்டமோ பாலியல் வன்முறைக்கு 6 மாதம் முதல் 2 வருடம்தான் வைத்தது. அதே செயல்தான், யாருக்கு நடந்தது என்பதைப் பொறுத்து 10 வருடமோ 2 வருடமோ. இந்த ஓட்டை புதிதாகத் தெரியவந்ததும் இல்லை. ஆண்களும் திருநர்களும் வன்புணர்வுக்கு ஆளாவது உண்மை, சட்டம் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2012 டெல்லி கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியிலேயே எழுதிவைத்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) பால் வேறுபாடு பார்க்காமல் பொருந்தும்.

பாகிஸ்தானைப் பாருங்கள். அங்கே 377 இன்னும் அமலில் இருக்கிறது, ஆனால் 2021இல் வன்புணர்வின் வரையறையை மாற்றி, பாதிக்கப்படுபவர் ஆணாகவும் திருநராகவும் இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். ஆக, அங்கே ஒருவர் வன்புணர்வுப் புகார் கொடுக்கலாம், ஆனால் அதைக் கொடுக்கப் போகும்போது தன்மேலேயே ஒரு வழக்கு திரும்பும் பயமும் இருக்கும். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு பாலியல் சிறுபான்மையினரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, வன்புணர்வுச் சட்டம் மட்டும் பெண்ணோடும் சிறுமியோடும் நிற்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் கதவு ஒரு விதமாகச் சாத்தியிருக்கிறது.

சட்டம் "உனக்கு நடந்ததற்கு எங்களிடம் பெயர் இல்லை" என்று சொல்லும்போது அது வெறும் வழக்கறிஞர் விவகாரமாக நின்றுவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் தனக்கு நடந்ததை வன்முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே தயங்குகிறார். குணமாவதற்கான முதல் படியே அதுதான், அந்த இடத்திலேயே கால் இடறுகிறது.

சரி, மனநலத்தில் இது எப்படித் தெரியும்? நடந்த காட்சி கேட்காமலே திரும்ப வரும், கனவிலும் பகலிலும். அந்தத் தெரு, அந்த வாசனை, அந்தச் செயலியின் அறிவிப்புச் சத்தம் எல்லாவற்றையும் தவிர்ப்பார்கள். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் கசப்பான முடிவுகள் மனதில் உறைந்துவிடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மனநல மருத்துவர்கள் மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு என்று பார்ப்பார்கள். வீட்டுக்குள்ளேயே வருடக் கணக்காக நடந்த வன்முறையில் இதன் சிக்கலான வடிவம் வரும்: உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் போவது, நிரந்தரமான வெட்கம், யாரையும் நெருங்கவிட முடியாமை. குடி, போதை, உடலைத் தானே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் இந்த வலியை மட்டுப்படுத்தும் முயற்சிகள்தான். ஒழுக்கக் கேடு என்று பார்த்தால் ஒன்றும் புரியாது.

இதற்குச் சிகிச்சை உண்டு, அது வேலையும் செய்கிறது. மனக்காயத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். போன்றவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரச்சினை சிகிச்சையில் இல்லை, அறைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம். "அந்தச் சம்பவத்தால்தான் உங்களுக்கு இந்த ஈர்ப்பு வந்ததா?" என்று ஆலோசகர் கேட்டால் அன்றோடு எழுந்து வந்துவிடலாம். ஈர்ப்பை மாற்றித்தருகிறேன் என்று சொல்வது இந்தியாவில் தொழில்முறைத் தவறு, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அப்படி அறிவித்தது. அதற்குக் காரணமாக இருந்த வழக்கு தமிழ்நாட்டில் தொடங்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட மனு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். அந்த ஒப்புதலை நான் மிகவும் மதிக்கிறேன், நம்மில் பலருக்கு அவ்வளவு வராது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு, வீட்டில் அடைத்துவைக்கப்பட்டு அடிவாங்கிய ஒரு பெண்ணின் வழக்கில், தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

குடும்பம் பற்றிய அந்த வரி மனநலத்துக்கும் பொருந்தும். மேயரின் கருத்தில் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் பக்கமும் உண்டு, தன்னைப் போன்றவர்களோடு இருப்பது அதில் முக்கியமானது. ஜமாத் (திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழு), தோழிகள், ஒரு வாட்ஸ்அப் குழு எதுவாகவும் இருக்கலாம், முதல் ரகசியத்தை ஏற்கனவே தெரிந்த இடம். அங்கே இரண்டாவதை மட்டும் சொன்னால் போதும். ஆனால் தாக்கியவர் அதே சிறிய வட்டத்தில் ஒருவராக இருந்தால் சிக்கல் வேறு மாதிரி ஆகும். "வெளியே தெரிந்தால் நம் எல்லோருக்கும்தான் கெட்ட பெயர்" என்று வாயை மூடச் சொல்வார்கள். இருக்கிற ஒரே கூரையையும் இழக்க வேண்டுமே என்று அவரும் மூடிக்கொள்வார். இதைப் பற்றி நம் சமூகத்துக்குள்ளேயே இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

நண்பர் ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் துப்பறியத் தொடங்காதீர்கள். எங்கே, எப்படி, ஏன் போனாய் எல்லாம் வேண்டாம். இன்று இரவு தங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கலாம், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது, அதனால் மருத்துவமனைக்கு உடன் போங்கள். போலீஸ் தாளைக் கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் அது தவறு. இந்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது, திருநர்களையும் மாற்று ஈர்ப்பு உள்ளவர்களையும் எப்படி மரியாதையாக நடத்துவது என்பதும் அதிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள், நல்ல எண்ணத்தோடு செய்தாலும்கூட. ஒரே போன் காலில் இரண்டு ரகசியமும் போய்விடும்.

உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஓடிக்கொண்டிருந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல எண்ணிலும் பேசலாம். தாக்கியது யார், நீங்கள் யாரை நேசிப்பவர் என்பதையெல்லாம் முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை. "தூக்கம் வரவில்லை, ஒரு மோசமான விஷயம் நடந்தது" என்று மட்டும் சொல்லி ஆரம்பித்தாலும் போதும்.